ஏற்றத்தில் மட்டும் ஒரு விசில்

நானுஓயா ஸ்டேசனைத் தாண்டி முதல் ஏற்றம் பிடித்ததும் கஜேந்திரனின் கார் விசில் அடித்தது.

"உய்ய்ய்ய்ங்..."

கஜேந்திரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார் வாங்கி அன்றைக்கு ஒன்பதாவது நாள். பத்து வருஷம் ஓடிய ஜப்பான் கார்தான். ஆனாலும் அவனைப் பொறுத்தவரை அது பிறந்து ஒன்பது நாளான பிள்ளை.

"என்னாங்க அது?" என்றாள் பின் சீட்டில் இருந்த மனைவி வினோதா.

"காத்து."

"சன்னலு எல்லாம் பூட்டித்தானே கெடக்கு? காத்து எங்கிட்டிருந்து வரும்?"

பூட்டித்தான் கிடந்தது. முன் சீட்டில் மாமனார் ஆண்டியப்பன் உட்கார்ந்துவிட்டால் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கவும் அனுமதி கிடையாது. தை மாதத்துக் குளிர் வேறு. தலவாக்கலையில் நெற்றிக்கு மேலே மடித்து வைத்திருந்த கம்பளித் தொப்பியை நானுஓயாவில் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, சாமிக்கு முன்னால் உட்கார்ந்த தர்மகர்த்தா மாதிரி நிமிர்ந்து இருந்தார்.

"மாமா! ஒங்களுக்கு விசில் சத்தம் கேக்குதா?" கஜேந்திரன் கத்தினான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

கேட்டால்தான் அதிசயம். ஆண்டியப்பன் ஒரு காலத்தில் பெரிய கங்காணி. விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் முன்னூறு பேர் வரிசையில் நிற்க, கடைசி வரிசையில் எவராவது அவரைப் பற்றி முணுமுணுத்தால் முன்னால் நின்றபடியே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார். 'பாம்புச் செவி கங்காணி' என்று தோட்டமே பேர் வைத்திருந்தது. அந்தச் செவி இரண்டு வருஷத்துக்கு முன்னால் படுத்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவர்தான் ஒத்துக்கொள்ள மாட்டார். "நீங்கதான் எல்லாரும் வாய்க்குள்ள பேசுறீங்க" என்பார். காது டொக்டர் என்று யாராவது வாயெடுத்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். இரண்டு மாதத்துக்கு முன்னால் தன்னந்தனியாகக் கண்டிக்குப் போய் யாரோ பழைய சிநேகிதரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து தலையில் சளி பிடித்துவிட்டது என்று அந்தத் தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை.

"காது செத்தாலும் வாயி சாகல பாரு" என்று கஜேந்திரன் ரோட்டைப் பார்த்தபடியே முணுமுணுத்தான்.

இது அவனுக்கு ஒரு வசதி. ஆறு வருஷ ஆத்திரத்தை மாமனார் பக்கத்திலேயே வைத்துக் கொட்டித் தீர்க்கலாம். மனுஷர் அசைய மாட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கஜேந்திரனும் வினோதாவும் யாரையும் கேட்காமல் நுவரெலியாவுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மாமனார் ஒரு வருஷம் முகத்திலேயே முழிக்கவில்லை. பிறகு பேசத் தொடங்கினார். ஆனால் 'மாப்பிள்ளை' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவேயில்லை. கஜேந்திரன் தேயிலைப் பெக்டரியில் மெசின் பழுது பார்க்கும் பிட்டர். ஆகவே "இந்தா பிட்டரு", "ஏய் பிட்டரு", "பிட்டரு வந்தாச்சா?" அவ்வளவுதான்.

இப்போது மச்சினி ஜெயந்தினிக்குக் கந்தப்பளையில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. துஷாந்த் என்று பேர். தாலி கட்டவே இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் மாமனார் நாளைக்குப் பத்துத் தடவை போனில், "மாப்பிள்ளை சாப்பிட்டீங்களா? மாப்பிள்ளைக்கு அங்க குளிரு எப்பிடி?" என்று உருகிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்கக் கஜேந்திரனுக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் அவன் அந்த வார்த்தையை விட்டான். கலியாணப் பேச்சில் மாமனார், "பொண்ணு கோயிலுக்குப் போக நுவரெலியாவுல ஒரு கார் பேசிருவோம்" என்றார். கஜேந்திரன் முந்திக்கொண்டு, "எதுக்கு மாமா? நான் கார் வாங்குறேன். என் மச்சினிய நானே கந்தப்பளைக் கோயிலு வாசல்ல எறக்கி விடுறேன்" என்று எல்லோர் முன்னாலும் கத்திச் சொன்னான்.

மாமனார் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு போற வண்டி. நான் ஒக்காந்து போய்ப் பாத்துத்தான் சொல்லுவேன் பிட்டரு" என்றார்.

ஆக, அந்தக் கார் ஒரு குறையும் இல்லாமல் கந்தப்பளை வரைக்கும் ஏறினால் ஒருவேளை 'மாப்பிள்ளை' கிடைக்கும். ஏறாவிட்டால் செத்தாலும் பாடையில் 'பிட்டரு' என்றுதான் ஏற்றுவார்கள். இந்த லட்சணத்தில்தான் முதல் ஓட்டத்திலேயே விசில்.

மறுநாளே தலவாக்கலை டவுனுக்குக் காரைக் கொண்டுபோனான். ஹமீத் பாஸ் முப்பது வருஷமாக அங்கே கராஜ் வைத்திருப்பவர். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார். பொனட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டார். கஜேந்திரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானுஓயா ஏற்றத்தை ஒரு தடவை ஏறி இறங்கினார். விசில் வரவில்லை.

"வண்டி பூ மாதிரிப் போகுது கஜே. ஒரு கோளாறும் இல்ல. வீணாப் பொனட்டத் தொறக்காத."

"அப்ப நேத்து அடிச்சது?"

"ஒன் மனப்பிரமையாயிருக்கும்."

"மூணு பேருல ரெண்டு பேரு கேட்டோம் பாஸ்!"

"மூணாவது ஆளு?"

"அவருக்குக் காது கேக்காது."

"அவருதான் குடுத்துவச்சவரு" என்றார் ஹமீத் பாஸ், அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

கஜேந்திரன் விடுகிற ஆள் இல்லை. அன்று மாலை மாமனாரின் எடைக்குச் சரியாக ஒன்றரை மூட்டை உரத்தை முன் சீட்டில் ஏற்றி, பெல்ட் போட்டு, அதே ஏற்றத்தில் ஏறினான். விசில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனாரை ஏற்றினான். நானுஓயா தாண்டியதும் "உய்ய்ய்ய்ங்." வினோதா பின்னாலிருந்து குனிந்து அவன் காதோடு காதாக, "அப்பாதான் மூக்கால அடிக்கிறாரோ?" என்று கிசுகிசுத்தாள்.

"என் மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமனார்.

 கஜேந்திரன் பயத்தோடு, "மாமா, ஒரு டீ குடிப்பமா?" என்று கேட்டான். மாமனார் சன்னல் வழியே தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார். இன்னொரு தடவை கேட்டான். அப்போதும் பதில் இல்லை.

"பாத்தியா? கேக்கல. குருட்டாம்போக்குல சொன்னது" என்றான் கஜேந்திரன். போன உயிர் திரும்பி வந்தது.

பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் பெரிய பெரிய தொட்டிகள் உண்டு. கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றாடியால் காற்றை ஏற்றி வாட்டுவார்கள். அந்தக் காற்று எவ்வளவு சூடு என்று பார்க்க, காற்றுப் போகும் வழியில் ஓட்டை போட்டு வெப்பமானி சொருகியிருக்கும். ஒரு தடவை அந்த ஓட்டை தளர்ந்து, தொட்டி பகலெல்லாம் விசில் அடித்தது. கஜேந்திரன்தான் வெப்பமானியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டி, பழைய ஓட்டையை அடைத்து விசிலை நிறுத்தினான். தோட்டத்துத் தொரையே வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

இந்த ஞாபகம் வந்த நிமிஷத்திலேயே சனி பிடித்துவிட்டது.

பொனட்டைத் திறந்தான். காற்றை வடிகட்டும் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குத் தடித்த கறுப்புக் குழாய் ஒன்று போனது. அதில் இரண்டு சென்சர்கள் சொருகியிருந்தன. உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடு என்று ஒன்று அளக்கும், எவ்வளவு காற்று போகிறது என்று மற்றது அளக்கும். கஜேந்திரன் தொடையில் தட்டிக்கொண்டான். அதே ஓட்டை, அதே காற்று, அதே விசில்! போனில் தேடினால் எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் இதே சென்சரைக் கழற்றி இடம் மாற்றி மாட்டுகிற வீடியோவும் கிடைத்தது. என்ன பாஷை என்றே தெரியவில்லை. அதனால் என்ன, பிட்டருக்குப் பாஷை எதற்கு? கை செய்வதைப் பார்த்தால் போதாதா?

சூடு பார்க்கிற சென்சரைக் கழற்றி வடிகட்டும் பெட்டியின் மூடியில் ஓட்டை போட்டு மாட்டினான். பழைய ஓட்டையை ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டால் அடைத்தான். ஸ்டார்ட் பண்ணினான். வண்டி ஓடியது, ஆனால் மீட்டருக்குப் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அணைக்கப் பார்த்தான், அணையவில்லை. பெக்டரிக்குப் போய் யோசித்துவிட்டு வந்து, அதன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டினான்.

"பிள்ளையாரு வயித்துல வெளக்கு எரியுதே?" என்றாள் வினோதா.

"நல்ல சகுனம்" என்றான் கஜேந்திரன்.

அடுத்த ஓட்டத்தில் வண்டி நின்றபோதெல்லாம் எஞ்சின் ஊஞ்சல் ஆடியது. ஏற்றத்தில் இருமியது. விசிலும் தவறாமல் வந்தது.

"இந்தக் கெழவனத் தூக்கிப் பின்னால போட்டாலாச்சும் பாரம் சமமாகும்" என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்துவிட்டு, ஒரு கடை வாசலில் நிறுத்தி டீ வாங்கினான். குடித்துவிட்டு வந்து பார்த்தால் மாமனார் பின் சீட்டில் ஏறிச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.



"ஏன் மாமா பின்னால?"

"பாரம் சமமாகட்டும்னுதான்."

கங்காணியாக இருந்தவருக்குப் பாரக் கணக்குத் தெரியாதா என்று மனதைத் தேற்றிக்கொண்டு வண்டியை எடுத்தான். அடுத்த ஏற்றத்தில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. விசில் இப்போது பின்னாலிருந்து வந்தது!

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். கஜேந்திரனும் யோசித்தான், ஆனால் பெக்டரி மூளையால் யோசித்தான். வாட்டுகிற மாடியில் ஒரு மூலையில் காற்றுக் கசிந்தால் சத்தம் அடுத்த மூலையில்தான் கேட்கும். அப்படியானால் மற்ற சென்சர்தான் குற்றவாளி! அந்தக் கறுப்புக் குழாயையே நடுவில் வெட்டி, காற்றின் அளவு பார்க்கிற சென்சரை எஞ்சினுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பொருத்தினான். அதில் ஒரு அம்புக்குறி இருந்தது. பெக்டரித் தொட்டியில் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் கொழுந்து பரப்பத் தொடங்க வேண்டும். பத்து வருஷப் பழக்கம். அம்பு காட்டுகிற பக்கம்தான் ஆரம்பம் என்று, காற்று போகிற திசைக்கு நேர் எதிராகச் சென்சரைத் திருப்பி மாட்டிவிட்டான்.

மறுநாள் மாமனாரும் மாமியார் அம்மாக்கண்ணுவும் ஏறினார்கள். தோட்டத்துக் கோயிலுக்கு முன்னால் வண்டி நாலு தடவை குதித்தது. ஐந்தாவது தடவை "டமார்!" என்று வெடித்தது. கோயிலுக்குள்ளிருந்து பூசாரி மணியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். மாமியார், "ஐயையோ, என் மகளுக்குக் கலியாணம் ஆகட்டும் முருகா, அதுக்குப் பொறகு என்னைய எடுத்துக்க!" என்று அலறினார். மாமனாரின் தலை கூரையில் இடித்தது.

"பிட்டரு" என்றார் தலையைத் தடவிக்கொண்டே, "நான் பேசாம நுவரெலியாவுல காரு பேசுறேன்."

கஜேந்திரன் பதறிப்போய்த் திரும்பினான். "மாமா, ஒரே ஒரு சான்ஸ் குடுங்க. கலியாணத்துக்கு முந்தி சரி பண்ணிக் காட்டுறேன். இல்லாட்டி என்னைய மனுசனா மதிக்காதீங்க."

"அது இப்பவே அப்பிடித்தானே" என்றார் மாமனார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெட்கத்தை விட்டு ஹமீத் பாஸிடம் போனான். பொனட்டைத் திறந்த பாஸ் ஒரு அடி பின்னால் நகர்ந்து, தலையில் இருந்த தொப்பியை எடுத்துத் தட்டிவிட்டுத் திரும்பப் போட்டார்.

"டேய் கஜே, இது குழாயா, புல்லாங்குழலா? எத்தன ஓட்ட!"

"விசில நிப்பாட்டத்தான் பாஸ்..."

"புல்லாங்குழல வச்சுக்கிட்டு விசில நிப்பாட்டப் போறானாம்! அது கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வச்ச எடம்டா. இனிப் புதுக் குழாய் கொழும்புல இருந்து வரணும். பத்து நாளாகும்."

"கலியாணத்துக்கு ஏழு நாள்தான் பாஸ் இருக்கு!"

"அப்ப கலியாணத்தத் தள்ளிப் போடச் சொல்லு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது மட்டுமல்ல, அந்தக் குரங்கைக் கொண்டு பெண்ணழைக்க வேண்டிய நிலைமை. கஜேந்திரன் மூன்று நாள் லீவு போட்டான். அம்புக்குறியை நேராக்கினான். வெட்டிய குழாயை ரப்பர் நாடாவால் சுற்றினான். எஞ்சினுக்குக் கிட்ட இருந்தால்தானே விசில் என்று இரண்டு சென்சர்களையும் கழற்றி, வயரை நீட்டி, ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் பொருத்தி, காரின் மூக்குக்கே கொண்டுபோய் முன் வலைக்குப் பின்னால் மாட்டினான். தூசி படாதிருக்க ஒரு யோகட் கோப்பையைக் கவிழ்த்து மேலே கட்டினான்.

அதிர்ச்சிதான், ஆனால் இந்தத் தடவை நல்ல அதிர்ச்சி. வண்டி ஓடியது! மூன்று நாள் வெயிலில் ஹட்டன் வரைக்கும் போய்வந்தான், ஒரு இருமல்கூட இல்லை. மாமனாரை ஏற்றிப் பார்க்கப் பயமாக இருந்தது. விசில் வந்தால்? அதற்கும் வழி கண்டுபிடித்தான். கலியாண வண்டிதானே, நாதஸ்வரத்தைச் சத்தமாகப் போட்டுவிட்டால் போகிறது.

கலியாண நாள் விடிந்தது. விடிந்ததே தவிர ஒன்றும் தெரியவில்லை. மலை முழுக்க வெள்ளையாக மூடுபனி. முகூர்த்தம் ஒன்பது பத்துக்கு. மாமியாரும் சொந்தக்காரர்களும் முதலிலேயே வேனில் போய்விட்டார்கள். மாலை கட்டிய காரில் ஜெயந்தினியும் வினோதாவும் பின்னால், மாமனார் முன்னால். நாதஸ்வரம் அலறியது.

நானுஓயா தாண்டியது. மாமனார் தொப்பியை இழுத்துவிட்டார். நாதஸ்வரத்துக்குள் ஏதோ விசில் மாதிரி கேட்டது, கஜேந்திரன் சத்தத்தை இன்னும் கூட்டினான். இன்னும் கொஞ்சம்தான், நுவரெலியா வந்துவிடும். பிள்ளையார் வயிற்றில் விளக்குப் பிரகாசமாக எரிந்தது. கஜேந்திரன் மனதுக்குள், 'வாங்க மாப்பிள்ளை, ஒக்காருங்க மாப்பிள்ளை' என்று ஒரு ஒத்திகை பார்த்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துக் கார் ஒரு விக்கல் விக்கியது. இன்னொன்று. பிறகு வளைவில் அப்படியே நின்றுவிட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தான். முன் வலை வழியாகப் புகுந்த பனி யோகட் கோப்பைக்குள் சேர்ந்து, சென்சர்கள் இரண்டும் குளித்து முழுகியிருந்தன. வாயால் ஊதினான். வேட்டியால் துடைத்தான். சாவியைத் திருப்பினான். எஞ்சின் எழும்பவில்லை. நாதஸ்வரம் மட்டும் நிற்காமல் ஊதியது.

"அத்தான், மணி எட்டே கால்!" ஜெயந்தினி அழத் தொடங்கினாள். கண்மை கரைந்தது. "அவங்க வீட்டுல என்னா நெனைப்பாங்க?"

மாமனார் கதவைத் திறந்து இறங்கி, பனியில் அசையாமல் நின்றார்.  திட்டியிருந்தால்கூடக் கஜேந்திரனுக்குத் தேவலை போல இருந்தது.

நல்ல காலம், நானுஓயாப் பக்கமிருந்து இரண்டு ஓட்டோக்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறி வந்தன. கஜேந்திரன் நடு ரோட்டில் விழாத குறையாக மறித்தான். முதல் ஓட்டோவில் ஜெயந்தினியையும் வினோதாவையும் ஏற்றினான். காரிலிருந்த மாலையைக் கழற்றி அந்த ஓட்டோவின் நெற்றியில் கட்டி அனுப்பினான். இரண்டாவது ஓட்டோவில் கூறைச்சேலைப் பெட்டியோடு மாமனாரும் அவனும் ஏறினார்கள். ஓட்டுகிறவர் ஃபாஸில் என்ற இளைஞர். பளபளவென்ற புது ஓட்டோ, வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை என்று அவராகவே சொன்னார்.

 நுவரெலியா டவுனைத் தாண்டும்போது முன்னால் போன வினோதா போன் பண்ணினாள். கந்தப்பளை ரோட்டில் ஏறிவிட்டார்களாம், பிரச்சினை இல்லையாம். போனை வைத்ததும் கஜேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் மாமனார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். தொப்பி காதுக்கு மேலே ஏறியிருந்தது. காது கேட்காத மனுஷர்தானே என்று கஜேந்திரன் மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"எனக்கென்னா காரு மேல ஆசையா? ஆறு வருசமா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ மாப்பிள்ளைன்னு கூப்பிட்டிருந்தா நான் காரே வாங்கியிருக்க மாட்டேன். அப்பன் இல்லாம வளந்தவன். ஒங்களைத்தான் அப்பான்னு நெனைச்சேன். இன்னைக்கு அதுவும் போச்சு."

மாமனார் திரும்பவில்லை. ஆனால் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். குளிர்தான் என்று கஜேந்திரன் நினைத்தான்.

கந்தப்பளை ஏற்றம் தொடங்கியது. இரண்டு பக்கமும் திறந்த ஓட்டோவில் பனிக்காற்று ஊசியாகக் குத்தியது. மாமனார் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார்.

"உய்ய்ய்ய்ங்..."

கஜேந்திரன் பேயறைந்தவன் போல உறைந்து போனான்.  காரை நடு ரோட்டில் விட்டுவிட்டு வந்தாயிற்று. சென்சரும் இல்லை, குழாயும் இல்லை. அதே விசில்!

"தம்பி, நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று கத்தினான். "ஒன் ஓட்டோவுலயும் அதே சத்தம் வருது! அது என்னைய வெரட்டிக்கிட்டு வருது! வண்டிக்கில்ல, எனக்குத்தான் ஏதோ பிடிச்சிருக்கு!"

மாமனார் முதல் தடவையாகத் திகைத்துப் போய் அவனைப் பார்த்தார். கை மெதுவாகத் தொப்பிக்குப் போனது. கொஞ்சம் தூக்கினார், விசில் நின்றது. விட்டார், விசில் வந்தது. மறுபடி தூக்கினார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. சட்டென்று கஜேந்திரனின் கையைப் பிடித்து இறுக்கினார்.

"மாப்பிள்ளை" என்றார்.

கஜேந்திரனுக்குத் தன் காதில்தான் கோளாறோ என்று தோன்றியது. 

"மாப்பிள்ளை, வீட்டுல ஒருத்தருக்கும் சொல்லிறாதீங்க."

"எ... என்னாத்த மாமா?"

மாமனார் பெட்டிக்கு மேலே குனிந்துகொண்டார். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டு வந்த ஃபாஸில்தான் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பினார்.

"ஓட்டோவுல ஒண்ணுமில்லண்ணே, ஐயா காதுல போட்டிருக்கிற மெசின்மேல தொப்பி அமுங்கினா இப்பிடித்தான் விசில் அடிக்கும், எங்க வாப்பாவும் இதேதான் போட்டிருக்காரு, அவருக்கு இப்பப் பக்கத்துல நின்னு வாய்க்குள்ள முணுமுணுத்தாக்கூட ஒரு சொல்லு விடாமக் கேக்குது."